வெட்டுக்கூடத்தில் அளந்த மலைப்பாம்புகள்

தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 5 லட்சம் மலைப்பாம்புத் தோல்கள் ஏற்றுமதியாகின்றன என்கிறது 2012இல் வந்த சர்வதேச வர்த்தக மைய அறிக்கை. பெரும்பாலும் கைப்பை, செருப்பு, பெல்ட். "இப்படியே போனா இனமே அழிஞ்சிடும்" என்று ஒரு தரப்பு. "அப்படி ஒண்ணும் ஆகல, பாருங்க" என்று மறு தரப்பு நீட்டும் முக்கியமான ஆவணம், 2016இல் பிளாஸ் ஒன் இதழில் டேனியல் நாடுஷ், ரிக் ஷைன் குழுவினர் எழுதிய ஆய்வுக் கட்டுரை. அதைத்தான் இங்கே கொஞ்சம் குடைந்து பார்க்கிறேன்.

ரெடிகுலேட்டட் மலைப்பாம்பு சைட்டீஸ் ஒப்பந்தத்தின் 2ஆம் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதி செய்யலாம்; ஆனால் அதனால் இனத்துக்குக் கேடு இல்லை என்று ஏற்றுமதி செய்யும் நாட்டின் அறிவியல் அமைப்பு சொல்லியாக வேண்டும். எண்ணாமல் எப்படிச் சொல்வது? எண்ணவும் முடியாது. காலடியில் கிடந்தாலும் கண்ணில் படாத ஜந்து இது. ஃப்ளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017இல் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு இருளர்களை வரவழைத்தார்களே, அது சும்மா இல்லை.

நாடுஷ் குழு காட்டை விட்டுவிட்டு வெட்டுக்கூடத்துக்குப் போனது. வடக்கு, தெற்கு சுமத்ராவில் தோலுக்காகப் பிடிபட்ட 4,200க்கும் மேற்பட்ட பாம்புகளை அளந்தார்கள். 1995இல் எடுத்த அளவுகளோடு 2015 அளவுகளை ஒப்பிட்டார்கள். வருகிற எண்ணிக்கை, சராசரி நீளம், முட்டைகளின் எண்ணிக்கை, இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் அளவு, ராட்சதப் பாம்புகளின் விகிதம் எதுவும் குறையவில்லை. அளவுக்கு மீறிப் பிடித்தால் முதலில் பெரியவை காணாமல் போகும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அது நடக்கவில்லை. கையில் இருப்பதை வைத்துக் கேள்வி கேட்ட விதம் எனக்கு ரொம்பவே பிடித்தது.

ஆனால் சர்வர் லாக் படித்துப் பிழைக்கிறவனுக்கு ஒரு சந்தேகம் வரும். வெட்டுக்கூடம் என்பது பதிவான கோரிக்கைகள் மட்டும் இருக்கும் லாக் மாதிரி. வந்து சேராதவை அதில் இல்லை. ஒரு பாம்புக்கு எத்தனை இரவு அலைந்தார்கள், போன வருஷம் பிடித்த அதே தோப்பா, இல்லை இன்னும் 30 கிலோமீட்டர் தள்ளியா? பாம்பின் நீளம் அதைச் சொல்லாது. நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் கதை தெரிந்திருக்கும். மிச்சமிருந்த மீன்கள் ஒரே இடத்தில் கூடின, வலை நிறைந்துகொண்டே இருந்தது, 1992இல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. மலைப்பாம்பு கூட்டம் கூடாது, உண்மை. ஆனால் பிடிக்கிறவர் இடம் மாறலாம்.

இன்னொன்று எண்ணெய்ப்பனை. அந்த இருபது வருஷத்தில் சுமத்ராவில் காடு போய்த் தோட்டம் வந்தது. தோட்டத்தில் எலி, எலிக்குப் பின்னால் மலைப்பாம்பு. அப்படியானால் மாறாத எண்கள், அளவோடு பிடித்ததால் வந்தவையா, எலி பெருகியதால் வந்தவையா? இரண்டு காரணமும் ஒரே கோட்டைத்தான் வரையும். கட்டுரை தன் முறையை 'மேலோட்டமாகப் பார்த்தால் நீடிக்கத்தக்கது' என்ற அளவிலேயே நிறுத்துகிறது. வியாபாரிகள் அதைச் சொல்லும்போது 'மேலோட்டமாக' மட்டும் எப்படியோ உதிர்ந்துவிடுகிறது.

இதே நாடுஷ், ஜெசிக்கா லயன்ஸுடன் 2011இல் எழுதிய கட்டுரையைப் பக்கத்தில் வைத்துப் படிக்கணும். பண்ணையில் பிறந்தவை என்று இந்தோனேசியாவிலிருந்து போகும் பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடித்தவை என்று காட்டியவர்கள் அவர்கள். ஆக, காகிதத்தில் இருப்பதை அப்படியே நம்பக் கூடாதென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் இத்தனை ஆயிரம் என்று போடும் ஒதுக்கீட்டைவிட நீள வரம்பு எனக்குச் சரியாகப் படுகிறது. ஆண் சின்னதிலேயே பருவமடையும், பெண்ணுக்கு இன்னும் நீளம் வேண்டும். பெண் ஒரு தடவையாவது முட்டையிடும் நீளத்துக்குக் கீழே உள்ள தோலை வாங்காதே என்றால், துறைமுகத்தில் ஒரு டேப் போதும். எத்தனை தோல் போயிற்று என்பதைக் கணக்கில் மறைக்கலாம். நீளத்தை மறைப்பது அவ்வளவு சுலபமில்லை. கூடவே, பாம்பைக் கொண்டுவருபவரிடம் எந்த ஊர், எத்தனை ராத்திரி என்று இரண்டே கேள்வி. தோட்ட வேலைக்கு நடுவே பாம்பு பிடித்து நாலு காசு பார்க்கும் அந்த ஆளுக்குத்தான் காட்டில் பாம்பு குறைவது முதலில் தெரியும். அவர் பதில்தான் அந்த அட்டவணையில் இல்லை.