குழல்நீரும் காலடி மண்ணும்

சருமப் பராமரிப்பின் வரலாறு என்று தேடினால் கிளியோபாட்ராவின் கழுதைப்பால் குளியல் கதை வரும். முகம் வெளுக்க ஐரோப்பியச் சீமாட்டிகள் பூசிக்கொண்ட ஈயப் பூச்சு வரும். அந்தப் பட்டியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்காது. இருக்கணும். தமிழில் நான் வாசித்ததிலேயே ஆக விசித்திரமான முகப்பூச்சு ஆண்டாளுடையது.

நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் பதின்மூன்றாம் திருமொழியை மட்டும் தனியே எடுத்து வாசித்துப் பாருங்கள். பக்தியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டால் அது ஒரு மருந்துச் சீட்டு. புரண்டு படுக்கக்கூட முடியாத ஒருத்தி, சுற்றியிருக்கும் பெண்களிடம் சொல்கிறாள்: அவன் அரையில் கட்டிய மஞ்சள் ஆடையைக் கொண்டுவந்து விசிறுங்கள். அவன் ஊதும் குழலின் துளையில் ஊறிய நீரை முகத்தில் குளிரத் தடவுங்கள். அவன் மிதித்த இடத்துப் புழுதியை உடம்பில் பூசுங்கள். சந்தனம் கேட்கவில்லை, மஞ்சள் கேட்கவில்லை. எச்சிலும் காலடி மண்ணும்தான் கேட்கிறாள்.

ஏன்? எட்டாம் திருமொழியில் விடை இருக்கிறது. தன்னைவிட்டுப் போனவற்றை மேகங்களிடம் வரிசையாகச் சொல்கிறாள்: மேனியின் ஒளி, வளையல், மனசு, தூக்கம். தோலின் பொலிவு தூக்கத்தோடு ஒரே வரிசையில் வருகிறது. அவளுக்குத் தோல் என்பது உள்ளே நடப்பதன் அறிகுறி. எங்கள் மென்பொருள் தொழிலில், கோளாறு ஓரிடத்தில் இருக்க, பிழைச்செய்தி வரும் இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டு அனுப்புவது உண்டு. ஆண்டாள் ஒட்டுப்போட மறுக்கிறாள்.

இந்தப் பார்வை அவளுக்கு முன்பே இருந்தது. சங்கக் கவிதையில் மாந்தளிர் நிறமான மாமைதான் அழகு. பிரிவில் வரும் வெளிறல், பசலை, நோய். பசுவின் பால் கன்றுக்கும் இல்லாமல் கலத்திலும் விழாமல் மண்ணில் வீணாவதுபோல, தன் மாமையைப் பசலை தின்கிறதே என்று குறுந்தொகை 27இல் வெள்ளிவீதியார் பாடுகிறார். பசலைக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் ஒதுக்கினார்.

பசலையும் நாம் இன்று ‘கலரு’ என்று சொல்வதும் ஒன்றல்ல. ஆனாலும் 1975இல் ஹிந்துஸ்தான் லீவர் ‘ஃபேர் அண்ட் லவ்லி’யைக் கொண்டுவந்தபின் நடந்ததைக் கவனியுங்கள். எந்த மாமை போய்விட்டதே என்று அந்தப் பெண்கள் அழுதார்களோ, அதுவே இப்போது நோய். வெளுப்பது மருந்து. 2020இல் பேரை ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றினார்கள். மாமையின் உறவுக்காரச் சொல்லான ‘மாநிறம்’ வரன் விளம்பரத்தில் இன்னமும் மன்னிப்புக் கேட்கிற தொனியில்தான் வருகிறது.

அதுக்காக அந்தக் காலம் பொற்காலம்னு சொல்ல வரலை. அன்றைக்கும் பெண்ணின் தோல் ஊரார் வாசிக்கும் அறிவிப்புப் பலகைதான். பசலையைப் பார்த்துத்தான் அலர் பேசினார்கள். ஆண்டாள் வேறுபடுவது இங்கேதான். என் உடம்புக்கு என்ன கோளாறு, என்ன பூசணும் என்பதைத் தாயோ ஊரோ தீர்மானிக்க விடாமல் அவளே சொல்கிறாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மகாராஜபுரத்திலும் பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை க்ரீம் பாக்கெட்டுகள் சரமாகத் தொங்கும். ஆண்டாள் கேட்ட சரக்கு மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது. கிடைக்காததைக் கேட்கிறோம் என்று தெரிந்தேதான் அவள் கேட்டாள்.