ஒரு பிடி மண்ணின் சாட்சி

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலத்தைக் கடக்கும்போது சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்துகொண்டு நாமக்கல் வயல்களுக்குப் போகிறது. அந்த வயல்மண்ணில் கன உலோகங்கள் தங்கியுள்ளனவா என்பதை ஆய்வகம் சொல்லும். அது சரியாகச் சொல்வது மாதிரி எடுப்பவர் கையில் இருக்கிறது.

மேலே கிடக்கும் சருகையும் புல்லையும் அகற்றி, ‘வி’ வடிவக் குழி வெட்டி, அதன் பக்கச்சுவரில் 15 செ.மீ. ஆழம் வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவ வேண்டும். துத்தநாக முலாம் பூசிய வாளி ஆகாது. அந்த உலோகமே மண்ணில் கலந்துவிடும். பிளாஸ்டிக் வாளி நல்லது. வயலின் பல இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அரை கிலோ எஞ்சும்வரை இதே வேலை. பிறகு நிழலில் உலர்த்தி, மரச்சுத்தியால் கட்டிகளை உடைத்து, 2 மி.மீ. நைலான் சல்லடையில் சலிப்பார்கள். பெட்ரோல் போன்ற ஆவியாகும் பொருளைத் தேடும்போது மட்டும் கலக்கவோ உலர்த்தவோ கூடாது. கண்ணாடிப் புட்டியில் உடனே அடைத்துக் குளிரில் வைக்க வேண்டும்.

சேலத்து வெள்ளைக்கல் குன்றுகளின் பாறையில் குரோமியமும் நிக்கலும் இயற்கையாகவே உண்டு. ஆகவே கழிவுநீர் எட்டாத நிலத்தின் மாதிரியும் கூடவே வேண்டும். அது இல்லாத அறிக்கையை வைத்து யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.