கென்யாவில் வீணாகும் நீராவி

கிழக்கு ஆப்பிரிக்க நாடாகிய கென்யா, தன் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கை நீர், காற்று, சூரிய ஒளி, புவிவெப்பம் ஆகியவற்றிலிருந்து பெறுகிறது. நிலக்கரியை எரிக்கும் பணக்கார நாடுகள் நாணவேண்டிய கணக்கு இது. ஆயினும் இதைப் புகழ்வோர் எத்தனை வகை மூலங்கள் உள்ளன என்று எண்ணுகிறார்களே ஒழிய, எது எந்த நேரத்தில் மின்சாரம் தருகிறது என்று பார்ப்பதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். தானா ஆற்றின் அணைகளைப் பெரிதும் நம்பியிருந்த கென்யா, 1999-2000 வறட்சியின்போது கடும் மின்வெட்டால் திணறியது. மழையைச் சாராத மூலம் ஒன்று வேண்டும் என்பது அப்போது நன்றாகவே உறைத்தது. நைவாஷா ஏரியை அடுத்த ஒல்காரியாவில் 1981-லேயே 15 மெகாவாட் புவிவெப்ப மின்னாக்கி ஒன்று ஓடத் தொடங்கியிருந்தது. அங்கே ஆழ்துளையிட்டால் நீராவி சீறி வரும். அது சுழலியைச் சுற்றும். பின்னாளில் அவ்விடத்தில் முதலீடு பெருகிற்று. இன்று நாட்டின் மின்சாரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு நிலத்தடி வெப்பத்திலிருந்தே கிடைக்கிறது. இதில் குறை காண்பதற்கில்லை.

காற்றின் கதை வேறு. துர்கானா ஏரிக்கு அருகே 365 காற்றாலைகள் நிற்கின்றன. மொத்தம் 310 மெகாவாட். 2017-இல் அவை தயாராகிவிட்டன. ஆனால் மின்சாரத்தைக் கொண்டு செல்ல வேண்டிய, 400 கிலோமீட்டருக்கும் நீண்ட மின்தடம் 2018 செப்டம்பர் வரை தயாராகவில்லை. அதுவரை காற்றாலைகள் சும்மா நின்றன. தாமதத்துக்கு அரசு இழப்பீடும் தர நேர்ந்தது. மாப்பிள்ளை வந்திறங்கிய பிறகு பந்தலுக்குக் கால் தேடிய கதைதான்!

தடம் வந்த பின்னும் சிக்கல் தீரவில்லை. எத்தியோப்பிய மேட்டுநிலத்துக்கும் கென்ய மேட்டுநிலத்துக்கும் இடையே காற்று நெருக்கப்பட்டு விரைகிறது. இவ்விரைவு இரவிலும் விடியற்காலையிலுமே மிகுதி. பின்னிரவிலோ நாட்டின் மின்தேவை, மாலை உச்சத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். காற்று மின்சாரத்தை வாங்கியே தீரவேண்டும், வாங்காவிட்டாலும் பணம் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே ஒல்காரியாவின் உற்பத்தியைக் குறைக்கிறார்கள். நீராவிக் கிணற்றை நம் வீட்டுக் குழாய்போல் தினமும் மூடித் திறக்க இயலாது. வெப்பம் ஏறி இறங்கினால் அதன் உறைக்குழாய்கள் விரிந்து சுருங்கிப் பழுதாகும். எனவே சுழலியைச் சுற்ற வேண்டிய நீராவியை வானில் விட்டுவிடுகிறார்கள். மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மின்சாரமே எட்டாத நாட்டில் இது நடக்கிறது.

2017-இல் ஆலைகளுக்கு இரவுக் கட்டணச் சலுகை அளித்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் இரவுமுறை ஓட்டக்கூடிய ஆலைகள் போதிய அளவில் இருந்தால்தானே பயன்? இரவில் நீரை மேலே ஏற்றி மாலையில் இறக்கும் நீர்த்தேக்க நிலையங்களைக் காற்றாலைகளோடு சேர்த்தே திட்டமிட்டிருக்க வேண்டும். மின்மூலங்களுக்குக் கிடைத்த பணத்தில் சிறு பங்குகூட மின்னைச் சேமிக்கும் வேலைக்குக் கிடைக்கவில்லை.

காற்றாலை எழுந்த நிலமும் கேள்விக்குள்ளானது. அங்கு ஆடுமாடும் ஒட்டகமும் மேய்த்துவந்த மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1,50,000 ஏக்கர் நிலத்தை ஒதுக்கிய முறை சட்டப்படி சரியானதன்று என்று 2021 அக்டோபரில் மெரு நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது காற்றாலைகள் சுழலத் தொடங்கி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.