மடியா, இருக்கையா?

கைக்குழந்தையோடு மலிவு விமானத்தில் போகலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வசதியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கால் நீட்ட இடமிருக்குமா, குழந்தை அழுதால் பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்களா என்பது போன்ற கவலைகள். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று கட்டண விதிகளுக்குள் கிடக்கிறது. ஐரோப்பாவின் பெரிய மலிவு விமான நிறுவனமான ரயன்ஏரை வைத்தே அதைப் பார்க்கலாம்.

ரயன்ஏரில், பிறந்து 8 நாள் ஆன குழந்தை முதல் 23 மாதக் குழந்தை வரை பெரியவர் மடியில் பறக்கலாம். ஒரு வழிக்குக் கட்டணம் 25 யூரோ. குழந்தைக்கென 5 கிலோ பை, தள்ளுவண்டி, கூடவே கார் சீட்டோ மடக்குக் கட்டிலோ கொண்டுபோகத் தனியாகக் காசு கேட்பதில்லை. பெரியவர்களின் கைப்பையை அளவுச் சட்டத்தில் நுழைத்துப் பார்க்கிற நிறுவனம் இதில் தாராளமாக நடந்துகொள்கிறது. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

சிரமம் ஏறும்போதும் இறங்கும்போதும் வருகிறது. வந்திறங்கிய விமானத்தை 25 நிமிடத்தில் மறுபடி கிளப்புவதில்தான் இந்நிறுவனத்தின் லாபம் இருக்கிறது. அதற்காகவே முன்வாசல், பின்வாசல் இரண்டிலும் படிக்கட்டு வைத்து ஆட்களை ஏற்றுகிறார்கள். மழையானாலும் திறந்தவெளியில் வரிசை நிற்க வேண்டும். படியடியில் தள்ளுவண்டியை மடக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பையுமாக ஏற வேண்டும். தனியாக வரும் தாய்க்கு மொத்தப் பயணத்திலும் கடினமான பகுதி இதுதான். மற்றவை சமாளிக்கக்கூடியவை. தொட்டில் கிடையாது, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு அது அவசியமும் இல்லை. விமானம் இறங்கும்போது பால் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காதடைப்பு விட்டுவிடும். வசதியை மட்டும் கணக்கில் கொண்டால் மலிவு விமானம் தேறிவிடுகிறது.

என்னை உறுத்துவது அந்த 25 யூரோ. அதைக் கொடுத்தாலும் குழந்தைக்கென்று ஓர் இருக்கை கிடைப்பதில்லை. பெற்றவரின் பெல்ட்டில் கோர்த்துக்கொள்ள ஒரு சிறு பெல்ட் தருகிறார்கள். ஐரோப்பாவில் வழக்கமான அந்தப் பெல்ட்டை, விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அனுமதிப்பதில்லை. வேகமாக மோதினால் பெரியவரின் உடல் முன்னால் மடிந்து, இடையில் இருக்கும் குழந்தையை நசுக்கிவிடும் என்பது அச்சம். பெல்ட்டே இல்லாமல் கையால் பிடித்துக்கொள்வதும் நம்பத்தக்கதல்ல. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் நொறுங்கியபோது அதில் நான்கு மடிக் குழந்தைகள் இருந்தார்கள். குழந்தைகளைக் காலடியில் கிடத்திப் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோரிடம் சொல்லப்பட்டது. அன்றைய நடைமுறை அதுதான். ஒரு குழந்தை இறந்தது. அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன், மடிப் பயணத்துக்கு முடிவு கட்டச் சொல்லிப் பல்லாண்டுகள் போராடினார்.

2005-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தனி இருக்கையைக் கட்டாயமாக்க மறுத்துவிட்டது. கூடுதல் டிக்கெட்டுக்கு அஞ்சும் குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், விமானத்தைவிடச் சாலை பன்மடங்கு ஆபத்தானது, ஆகவே சாவு கூடும் என்பது அதன் வாதம். இதை எளிதாகத் தள்ள முடியாது. விமான விபத்தும் அபூர்வம்தான். ஆனால் இருக்கை விலை அதிகம், மாற்று வழியாகச் சாலை இருக்கிறது என்ற இரண்டு அனுமானங்களின் மேல் அந்த வாதம் நிற்கிறது. டப்ளினிலிருந்து லண்டனுக்குப் போகிறவருக்கு நடுவில் கடல். விலையைப் பார்த்தால், கூட்டமில்லாத நாட்களில் ரயன்ஏரின் பெரியவர் டிக்கெட்டே 25 யூரோவுக்குக் கீழே இறங்கிவிடுவதுண்டு. அப்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள ஆகும் செலவு, அதற்குத் தனி இருக்கை வாங்குவதைவிட அதிகம்! முழுச்சேவை விமானங்களின் வெளிநாட்டுப் பயணங்களில் மடிக் கட்டணம் வழக்கமாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு. அங்கே மடிதான் எப்போதும் மலிவு. பாதுகாப்பான வழியே மலிவான வழியாகவும் அமையும் வாய்ப்பு மலிவு விமானத்தில்தான் இருக்கிறது. பெற்றோர் பலர் அதைக் கவனிக்காமல் பழக்கத்தால் மடியையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது.

எனவே என் தீர்ப்பு இது. இரண்டு பெரியவர்கள், குறுகிய தூரம், கூட்டமில்லாத நாள் என்றால் மலிவு விமானத்தில் தாராளமாகப் போகலாம். ஆனால் குழந்தைக்கு இருக்கை வாங்கி, விமானத்துக்கு அங்கீகாரம் பெற்ற கார் சீட்டில் கட்டிப் போக வேண்டும். தனியாகப் போகிறவரால் கார் சீட்டையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் ஏற முடியாது. அவருக்கு, டெர்மினலிலிருந்து நேரே நடந்து ஏறும் வசதியுள்ள விமானத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவல்ல. விடுமுறை வாரங்களில் டிக்கெட் விலை பல மடங்கு ஏறும்போது நான் சொல்லும் கணக்கு உடைந்துபோகிறது. அந்த நாட்களுக்கும் சேர்த்து, கைக்குழந்தைக்கான இருக்கைக்கு நிறுவனம் ஓர் உச்சவரம்பு வைக்க வேண்டும். 189 இருக்கைகள் கொண்ட விமானத்தில் கைக்குழந்தைகள் சிலரே இருப்பார்கள் என்பதால், அந்தச் சலுகையை நிறுவனத்தால் தாங்க முடியும்.