புது போனும் பழங்கற்படியும்

போன மாசம் விருத்தாசலம் போயிருந்தப்ப மச்சான் ஒரு கேள்வி கேட்டான். மாமா பையன். செராமிக் எஸ்டேட் பக்கம் சின்னதா ஒரு பொம்மைப் பட்டறை வச்சிருக்கான், ஆறு பேர் வேலை செய்றாங்க. நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு, மத்த நாள்ல என்ன ஆர்டர் வருதோ அது. ஆறு வருஷமா ஒரே போன். டிஸ்ப்ளேயில கோடு விழுந்துடுச்சு. சார்ஜர் பின்னை ஒரு கோணத்துல சாய்ச்சுப் பிடிச்சாத்தான் ஏறும். ஆன்லைன்ல எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல புதுசு ஒண்ணு புக் பண்ணியிருந்தான்.

"மாப்ள, இதுல இருக்கறத எல்லாம் அப்படியே அதுக்கு மாத்தணுமா, இல்ல எல்லாத்தையும் விட்டுட்டு சுத்தமா ஆரம்பிச்சிடலாமா? யூட்யூப்ல ஒருத்தர் புதுசா ஆரம்பிக்கறதுதான் நல்லதுன்னு சொல்றாரே."

அந்த வீடியோவைப் பார்த்தேன். அது மாதிரி இன்னும் பத்துப் பதினைந்து பார்த்தேன், கட்டுரைகளும் படிச்சேன். இந்தப் பதிவு அவற்றைப் பற்றிய விமர்சனம்தான்.

இவங்க இரண்டு கட்சி. முதல் கட்சி, எல்லாவற்றையும் ஒரு கேபிள் போட்டு அப்படியே இழுத்துக்கச் சொல்லுது. ஒரு மணி நேர வேலை, பழைய போன் மாதிரியே புது போன் இருக்கும் என்கிறது. இரண்டாம் கட்சிக்குக் கொஞ்சம் தத்துவ வாடை உண்டு. பழைய குப்பையைப் புது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதே, தேவைப்படும்போது தேவையான ஆப்பை மட்டும் போட்டுக்கோ, மனசும் லேசாகும், போனும் வேகமாகும் என்கிறது.

இரண்டாவது கட்சி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆறு வருஷப் பழைய போனில் என்னென்ன ஆப் இருக்கும்னு யாருக்கும் நினைவில்லை. எப்பவோ அவசரத்துக்கு இறக்கின கடன் ஆப், டார்ச் ஆப், ஜாதகம் பார்க்கிற ஆப். ஒவ்வொண்ணுக்கும் அப்ப "அனுமதி" அழுத்தியிருப்போம். கடன் ஆப்கள் காண்டாக்ட் லிஸ்டை எடுத்து வச்சுக்கிட்டு சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கின கதை ஊருக்கு ஊர் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்கள், கடன் ஆப்கள் காண்டாக்ட், கால் லாக், ஃபைல்கள் பக்கம் போகக்கூடாதுன்னே சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்து ஆப்களை அப்படியே புது போனுக்கு இழுத்துட்டு வர்றதில் எனக்கும் சம்மதம் இல்லை.

ஆனா இந்தக் கட்சிக்காரர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். அவங்க "புதுசா ஆரம்பிக்க" முடியறது, அவங்க பொருள் எதுவும் போனில் இல்லாததால். மெயில் சர்வரில், படம் காசு கட்டி வாங்கிய கிளவுடில், எழுத்து ஏதோ ஒரு குறிப்பு ஆப்பின் கணக்கில். போனைக் கிணத்துல போட்டாலும் பாஸ்வேர்ட் போட்டால் எல்லாம் திரும்ப வரும். அதுக்குப் பேர் புதுத் தொடக்கம் இல்லை, தாராளமான காப்புப் பிரதி.

மச்சானுடைய போனில் என்ன இருக்கு? முழுக்க வாட்ஸப்பில் இருக்கு. "இந்த மாதிரி தசாவதாரம் செட் இருபது" என்று வந்த படம். "போன தடவை அனுப்பின அதே அளவு" என்று வந்த ஒரு வரி, அந்தப் போன தடவை மூணு வருஷம் முன்னாடி. யார் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் பாதி கொடுத்தார்கள், எல்லாமே உரையாடலுக்குள்தான். தனியா நோட்டு கிடையாது. அப்புறம் முக்கியமா, பட்டறையில் முன்பு வேலை பார்த்து இப்ப உடம்பு முடியாமல் சொந்த ஊருக்குப் போய்விட்ட ஒரு பெரியவருடைய வாய்ஸ் நோட்டுகள். வார்ப்புக்குக் களிமண் கரைசல் கலக்கும்போது சோடியம் சிலிகேட் எத்தனை கிலோவுக்கு எவ்வளவு, மழை நாள்ல எப்படி மாத்தணும், சூளையில் எந்த வரிசையில் எதை அடுக்கணும் என்று அவர் சொல்லச் சொல்லப் பதிவானவை. நாற்பதுக்கு மேல இருக்கும். வேற எங்கேயும் எழுதி வைக்கலை. இவனைப் பார்த்து "குப்பையை விடு"ன்னு சொல்ற வீடியோவுக்கு, எது குப்பைன்னு எப்படித் தெரியும்?

சரி, அப்படின்னா முதல் கட்சிதான் சரியா? அதுவும் இல்லை. அவங்க சொல்ற "அப்படியே" என்கிற வார்த்தை பொய். காண்டாக்ட், எஸ்எம்எஸ், கால் லாக், படங்கள் வரும். ஆப்களின் பட்டியல் வரும், ஆனா பல ஆப்கள் உள்ளே காலியா வரும். ஆண்ட்ராய்டு தானாக எடுக்கும் பேக்கப்பில் ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரைதான் இடம். அதையும் வேண்டாம்னு ஆப் செய்தவரே அணைத்து வைக்கலாம். பணம் அனுப்பும் யுபிஐ ஆப்கள் புது போனில் அதே சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித் திரும்பவும் பதிவு செய்தால்தான் வேலை செய்யும். அது குறையில்லை, பாதுகாப்பு. ஆனா சிம்மைப் பழைய போனிலேயே விட்டுட்டு "பேமென்ட் ஆப் திறக்கலையே" என்று அலைகிறவர்களை நான் பார்த்திருக்கேன்.

வாட்ஸப் தனிக் கதை. அதுக்குக் கூகுள் டிரைவில் பேக்கப் வேணும், இல்லைன்னா இரண்டு போனையும் பக்கத்துல வச்சு க்யூஆர் கோடு காட்டி நேரடியா மாத்தணும். இந்த நேரடி வழி 2023இல்தான் வந்தது. டிரைவ் பேக்கப் முன்பெல்லாம் கணக்கில் சேராது. 2024இலிருந்து கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் அதுவும் சேர்ந்துடுச்சு. மச்சானுக்கு அது தெரியாது. பேக்கப் எடுக்க இடமில்லைன்னு வந்த அறிவிப்பை விளம்பரம்னு நினைச்சு மாசக்கணக்கா தள்ளிவிட்டிருக்கான். கடைசியா ஒழுங்கா பேக்கப் ஆன தேதியைப் பார்த்தேன்: பதினோரு மாசம் முன்னாடி. சரி, அந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டாவது தெரியுமா? போன் வாங்கினப்ப கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்தது, அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கடையும் இப்ப இல்லை.

"அப்ப முக்கியமான படத்தையும் வாய்ஸையும் மட்டும் உங்க அக்கா நம்பருக்கு வாட்ஸப் பண்ணிடறேன், அப்புறம் திரும்ப அனுப்பிக்கறேன்" என்றான். நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறோம். வாட்ஸப் சாதாரணமா படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், எடுத்த தேதி முதலான விவரங்களும் கழன்று போகும்னு சொன்னேன். சட்டுனு புரிஞ்சுக்கிட்டான், ஏன்னா அவன் தொழிலிலேயே இது இருக்கு. களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். சுட்ட பொம்மை மேலே பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்து, அதில் வார்த்து, அதையும் சுட்டால் அடுத்த பொம்மை முன்னதைவிடச் சின்னதாத்தான் வரும், மூக்கும் முழியும் மழுங்கும். அதனால்தான் பட்டறையில் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு மாஸ்டர் வச்சிருக்காங்க. அச்சு தேய்ஞ்சா மாஸ்டரிலிருந்துதான் புது அச்சு. இன்னொண்ணும் சொன்னான்: புது அச்சில் முதல் வார்ப்பு எடுத்து, சுட்டு, கையில் வச்சுத் திருப்பிப் பார்க்காமல் பழைய அச்சை உடைக்க மாட்டாங்களாம்.

இந்தக் கடைசி வரிதான் நான் பார்த்த எந்த வீடியோவிலும் இல்லாதது. மாத்தணுமா, புதுசா ஆரம்பிக்கணுமா என்று இருபது நிமிஷம் பேசுகிறார்கள். மாத்தினது சரியா வந்திருக்கான்னு எப்படிப் பார்ப்பது, பழசை எத்தனை நாள் வச்சிருப்பது என்பதற்கு ஒரு நிமிஷம் இல்லை.

அன்னிக்குச் சாயங்காலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். பழமலைநாதர் என்பார்கள், ஊர்ப் பேரே முதுகுன்றம். பத்தாம் நூற்றாண்டின் கடைசியில், உத்தம சோழன் காலத்தில், அவன் தாய் செம்பியன் மாதேவி கருங்கல்லில் எடுத்துக் கட்டிய கோயில்களில் இதுவும் ஒன்று. அந்த அம்மா பல ஊர்களில் பழைய கோயில்களைப் பிரித்துக் கல்லில் கட்டினார். பிரிக்கும்போது ஒரு சிக்கல் வரும். பழைய சுவரில்தான் ஊருக்கும் கோயிலுக்கும் இடையிலான கணக்கெல்லாம் இருக்கு: யார் எவ்வளவு பொன் வைத்தார், எந்த நிலம் எந்த விளக்குக்கு. கும்பகோணத்துக்கு வடகிழக்கே திருக்கோடிகாவலில் அவர் இதை எப்படிச் சமாளித்தார் என்பது கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த செய்தி. முந்தைய அரசர்கள் காலத்துச் சாசனங்களைப் புதுச் சுவரில் மறுபடி வெட்ட வைத்தார். வெட்டினதோடு விடாமல், இது பழங்கற்படி, அதாவது பழைய கல்லிலிருந்து எடுத்த நகல் என்று அங்கங்கே குறிக்கவும் வைத்தார். பழைய கற்கள் போய்விட்டன. அந்தச் சாசனங்களை இன்றைக்கு நாம் படிப்பது அந்த நகலில்தான்.

கட்டடம் முழுக்கப் புதுசு. கணக்கு முழுக்கப் பழசு. இரண்டு கட்சிக்கும் இடையில் இப்படி ஒரு வழி இருக்கு, ஆயிரம் வருஷமா இருக்கு. நகல் என்று குறித்து வைத்ததில் இன்னொரு நுட்பமும் உண்டு. மச்சானின் வாய்ஸ் நோட்டுகளை ஃபோல்டரோடு கம்ப்யூட்டரில் நகல் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் வந்தது, ஆனா பெயர்கள் வெறும் தேதியும் எண்ணும். யார் பேசியது, எந்தக் கேள்விக்குப் பதில் என்பது உரையாடலில்தான் இருக்கு, ஃபைலில் இல்லை. பாமினி எழுத்துருவில் நான் தட்டி வைத்த பழைய கட்டுரைகளுக்கும் ஒருகாலத்தில் இதே கதிதான். ஃபைல் புதுக் கம்ப்யூட்டருக்கு வந்தது, எழுத்துரு வரவில்லை, திறந்தால் ஆங்கில எழுத்தில் உளறல்.

இப்ப எக்ஸ்சேஞ்ச் ஆஃபருக்கு வர்றேன், என் உண்மையான கோபம் அங்கேதான். புது போனைக் கொண்டு வருகிற பையன் வாசலில் நின்றபடியே பழைய போனை வாங்கிப் போவார். அதற்கு முன் ஸ்கிரீன் லாக், கூகுள் கணக்கு எல்லாம் நீக்கி, முழுசா அழித்துக் கொடுக்கணும். புதுப் பெட்டி அப்ப இன்னும் பிரிக்கப்படவே இல்லை! அதாவது, புது அச்சு வருவதற்கு முன்னாடியே பழைய அச்சை உடைக்கச் சொல்கிற ஏற்பாடு. கேபிள் போட்டு இழுக்க இரண்டு போனும் ஒரே நேரத்தில் உங்க கையில் இருக்கணும், க்யூஆர் காட்டவும் அப்படியே. இந்த ஏற்பாட்டில் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. விருப்பமா, தத்துவமா எல்லாம் அப்புறம். கிளவுடில் முழு நகல் இல்லாதவர் அந்த வாசலில் "புதுசா ஆரம்பிக்க" வைக்கப்படுகிறார். அவருக்கு மிச்சமாவது பழைய போனுக்கான சில நூறு ரூபாய், நல்ல போனாக இருந்தால் சில ஆயிரம்.

பையன் மேல் தப்பில்லை, அவருக்கு அடுத்த வீடு காத்திருக்கு. இப்படி ஒரு முறையை வகுத்தவர்கள் நாலு நாள் அவகாசம் கொடுத்துப் பழசை வாங்கிக்க ஏற்பாடு செய்திருக்கலாம். செய்யாததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. வாங்குகிறவரிடம் இழக்க எதுவும் இருக்காது என்கிற நினைப்பு.

நாங்க எக்ஸ்சேஞ்சை ரத்து பண்ணிட்டு சும்மா போனை மட்டும் வரவழைத்தோம். டிஸ்ப்ளேயில் கோடு விழுந்த பழசுக்கு அவங்க போட்டிருந்த விலை 850 ரூபாய். முதல் வேலையா மச்சான் பேரில் பாஸ்வேர்ட் அவனுக்கே தெரிந்த புதுக் கணக்கு. காண்டாக்டை அதுக்கு மாத்தினோம். வாட்ஸப்பை க்யூஆர் வழியா நேரடியா. படங்களைக் கேபிளில். ஆப் ஒண்ணைக்கூட இழுக்கலை. பேமென்ட், வங்கி, பேருந்து டிக்கெட் என்று அவன் கேட்கக் கேட்க ஒவ்வொண்ணா புதுசா போட்டோம், மொத்தம் ஒன்பதுதான் வந்தது. பழசில் எழுபத்து சொச்சம் இருந்தது. பெரியவரின் வாய்ஸ் நோட்டுகளை மட்டும் ஒரு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொண்ணா போட்டுக் கேட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியோடு எழுதினான். "பெரியவர் சொன்னது, போனிலிருந்து எழுதினது" என்று முதல் பக்கத்தில் போட்டான். நான் சொல்லிக் கொடுக்கலை.

நேற்று கூப்பிட்டான். நோட்டில் ஒரு இடத்தில் அளவு சந்தேகமா இருக்கு, புது போனில் அந்த ஒரு வாய்ஸ் மட்டும் திறக்க மாட்டேங்குதாம். பழைய போன் அலமாரியில்தான் இருக்கு. சார்ஜர் பின்னைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருன்னு சொன்னேன்.