கோட்டம் எடுக்கும் கை

நல்ல சைக்கிள் மெக்கானிக் யார் என்று தெரிய, கோணிய சக்கரத்தைக் கொடுத்துப் பாருங்கள். பழைய 28 அங்குல வண்டியில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுழற்றி, ரிம் ஓரமாகச் சாக்பீஸை அசையாமல் பிடிப்பார். கோடு விழும் இடம்தான் துருத்தும் இடம். வலப்பக்கம் துருத்தினால் இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்று முறுக்கி, வலப்பக்கத்தைக் கால் சுற்று தளர்த்துவார். அவசரக்காரர் முறுக்க மட்டுமே செய்வார். கோட்டம் போகும், வட்டம் கெடும்.

பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேட்பார். மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்த கம்பி. அந்தக் காதுக்காகவே அவர் கடையில் எத்தனை நேரமும் காத்திருக்கலாம்.

பஞ்சர் ஒட்ட யாரும் பழகிவிடலாம். அதிலும் இவர், டயரின் உட்புறத்தை விரலால் முழுக்கத் தடவி முள்ளைத் தேடிய பிறகுதான் டியூபை உள்ளே சொருகுவார்.