மிச்ச ஜவ்வுக்கு ஒரு ஜே!

தங்கச்சிமடம் டீக்கடையில் என்னைக் கண்டாலே எழுந்து போகிறார்கள். முட்டி ஆபரேஷன் புராணம் கேட்டு அலுத்துவிட்டதாம். போகட்டும், எழுதியாவது தீர்த்துக்கொள்கிறேன்!

கபடியில் ரெய்டு போய்த் திரும்பும்போது பாதம் மணலில் புதைந்து நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. கிழிந்தது ஏசிஎல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் ஜவ்வு அது. மூட்டுக்குள் ஊறும் திரவம் ரத்தத்தை உறையவிடாததால், அறுந்தால் தானாக ஒட்டுவது அபூர்வம்.

வழக்கமாக, கிழிந்த மிச்சத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தொடைத் தசைநாரை எடுத்து வைப்பார்கள். மதுரையில் என்னைப் பார்த்த டாக்டரோ, "தம்பி, அடிக்கட்டை நல்லா இருக்கு, எடுக்க வேண்டாம்" என்றார். அதன் நடுவிலேயே புதுத் தசைநாரை நுழைத்துவிட்டார். பழைய கயிற்றின் புரியை விலக்கிப் புதுக்கயிற்றைப் பின்னுகிற மாதிரி! என்ன கைவேலை!

அந்த மிச்சத்தில் ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. புதுத் தசைநாரின் மேல் உறையாகப் படர்ந்து ஊட்டம் தரும் என்பது எதிர்பார்ப்பு. முட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் உண்டு. மனித ஏசிஎல்லில் அவை இருப்பதை 1984-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்று ஆடுகிற வல்லத்தில் கண்ணை மூடி நின்றாலும் என் கால் தடுமாறுவதில்லை. பாதிப் புகழ் பிசியோவுக்கு. அந்தப் பயிற்சியில் சலுகையே கிடையாது.

முட்டிக்குள் கருவியை விட்டுப் பார்த்துச் செய்யும் இந்த வைத்தியத்துக்காக ஜப்பானுக்கும் ஒரு கும்பிடு. 1918-ல் டோக்கியோவில் கெஞ்சி தகாகி, சிறுநீர்ப்பை பார்க்கும் கருவியை இறந்தவரின் முட்டிக்குள் விட்டுப் பார்த்தார். மிச்ச ஜவ்வைக் காத்துப் புதியதைச் சேர்க்கும் முறையை வளர்த்தவர்களில் ஹிரோஷிமாவின் மிட்சுவோ ஒச்சி முக்கியமானவர்.

எல்லா முட்டிக்கும் இது ஒத்துவராது. மிச்சம் பருத்திருந்தால் காலை முழுக்க நீட்டும்போது இடிக்கும். பழைய முறையைவிட எவ்வளவு மேல் என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் எண்ணெய்க்கட்டு போட்டு மாதக்கணக்கில் கிடந்தால் மிச்சம் சுருங்கிவிடும், இல்லை பக்கத்து ஜவ்வோடு ஒட்டிவிடும். பிறகு காப்பாற்ற எதுவும் இருக்காது.

ஆகவே பாம்பன், மண்டபம் கபடித் தம்பிகளே, முட்டி வீங்கினால் சீக்கிரம் எம்ஆர்ஐ எடுங்கள். ஆபரேஷன் என்றால் தயங்காமல் கேளுங்கள்: "மிச்ச ஜவ்வை வச்சுக்கிட்டே பண்ண முடியுமா சார்?"